சீறாப்புராணத்தில் காப்பிய மரபும் ஈமானும்

தமிழில் எழுந்த இஸ்லாமிய இலக்கியங்களுள் மிகுதியாகப் பேசப்படுவது உமறுப் புலவரின் சீறாப்புராணமாகும். 17ஆம் நூற்றாண்டின் பிற்கூற்றில் உருவான இந்நூல் விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்றத்துக் காண்டம் என மூன்று காண்டங்களாகவும் 92 படலங்களாகவும் அமைந்து 5027 செய்யுள்களைக் கொண்டுள்ளது. சேகப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் புலவர் 1842இல் இதனை அச்சேற்றினார். பின்னர்ச் செய்குத்தம்பிப் பாவலர் உரை கண்டார். ஈழத்தவரான ம. மு. உவைஸ் 1953இல் வெளியிட்ட ஆங்கில நூலின் பின்னர், முஸ்லிம்களின் தமிழ்த்தொண்டு பல்கலைக்கழக ஆய்வுப் பொருளாகவும் நிலைபெற்றது.

ஆயினும் இக்காப்பியம் பற்றி நிலவும் மதிப்பீடுகள் இரண்டு எல்லைகளில் நிற்கின்றன. இலக்கியச் சுவைஞர் பலர் இதனைக் கம்பன் வழிவந்த தமிழ்க் காப்பியமாகவே காண்பர். அறபு நாட்டிலும் நெல்வயலும் ஆறும் மருத வளமும் காட்டிய புலவனின் தமிழுள்ளத்தை அவர்கள் பாராட்டுவர். அவர்தம் நோக்கில் இஸ்லாம் இந்நூலின் கதைப்பொருள் மட்டுமே. மறுபுறத்தில், மார்க்கத் தூய்மையை வற்புறுத்துவோர் சிலர், குர்ஆனிலும் வலுவான ஹதீஸ்களிலும் இடம்பெறாத அற்புதக் கதைகள் மலிந்த நூலென இதனை ஒதுக்குவர். அவர்கள் நோக்கில் காப்பிய மரபு நம்பிக்கையை மாசுபடுத்திய ஒன்றாகும். முரண்பட்டவை போலத் தோன்றும் இவ்விரு மதிப்பீடுகளும் ஓர் எடுகோளிற் சந்திக்கின்றன. இலக்கிய வடிவம் வேறு, நம்பிக்கை வேறு; ஒன்று மற்றொன்றின்மேற் போர்த்தப்பட்ட ஆடை என்பதே அது. அவ்வெடுகோள் பொருந்துமா என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு இஸ்லாமிய நம்பிக்கையின் அடிப்படைகளை முதலில் தெளிவுபடுத்தல் வேண்டும். தொழுகை, நோன்பு முதலிய கடமைகள் செயல்சார்ந்தவை. அவற்றுக்கு அடித்தளமாய் உள்ளத்தில் நிலைகொள்வது ஈமான். அல்லாஹ், அவனுடைய மலக்குகள், வேதங்கள், தூதர்கள், இறுதிநாள், நன்மை தீமை யாவும் இறைவன் நிர்ணயப்படியே நிகழும் என்னும் கத்ர் ஆகிய ஆறினையும் நம்புதலே ஈமான் எனப்படும். இவற்றுள் முதல் ஐந்தும் குர்ஆனின் 4ஆம் அத்தியாயத்தில் ஒருங்கே கூறப்படுகின்றன. ஆறாவதும் சேர்ந்த முழு விளக்கம், ஜிப்ரீல் ஓர் அயலார் உருவில் வந்து நபியவர்களிடம் வினாக்கள் தொடுத்த ஹதீஸில் உள்ளது. இவ்வாறனைத்தையும் சுருக்கி நாவிலே தருவது கலிமா. அது இரு கூறுகளையுடையது. வணங்கத்தக்கவன் அல்லாஹ்வையன்றி வேறில்லை என்பது முதற்கூறு. முஹம்மத் அவனுடைய தூதர் என்பது இரண்டாங்கூறு. முதற்கூறு மறுப்பில் தொடங்கி உறுதியில் முடிகிறது. இரண்டாங்கூறு தலைவரை உயர்த்தும் அதே வேளையில் அவருக்கு ஓர் எல்லையையும் இடுகிறது. அவர் தூதர், தூதரன்றி வேறல்லர்.

காப்பியப் புலவனுக்குரிய இடர்ப்பாடு இவ்விரண்டாங் கூற்றிலேயே பிறக்கிறது. தன்னேரில்லாத் தலைவனை வேண்டுவது தமிழ்க் காப்பிய இலக்கணம். தமிழ்ப் புராண மரபோ இதற்கும் அப்பாற் செல்கிறது. திருவிளையாடற் புராணத்திலே சிவபெருமான் பாண்டி நாட்டு மண்ணில் மாணிக்கம் விற்பவராகவும் விறகு சுமப்பவராகவும் வருகிறார். கம்பனிலே திருமால் தசரதன் மைந்தனாகப் பிறக்கிறார். இறைவன் கதைக்குள் இறங்குவதே அப்புராணங்களின் உயிர்நிலை. இறங்காத இறைவனையும், இறைத்தன்மையில் யாதொரு பங்குமில்லாத தலைவரையும் கொண்டு "புராணம்" பாட முனைந்தவர் உமறுப் புலவர்.

இஸ்லாமிய நம்பிக்கைகளைத் தமிழில் நூலாக்கும் முயற்சி அவரோடு தொடங்கியதன்று. 1572இல் மதுரையில் அரங்கேறிய ஆயிரம் மசலா, வண்ணப்பரிமளப் புலவரால் இயற்றப்பட்டது. யூத அறிஞரான அப்துல்லா இப்னு சலாம் வினவ, நபியவர்கள் விடையிறுக்கும் முறையில் அது அமைந்துள்ளது. படைப்பு, மலக்குகள், சுவர்க்கம், நரகம், இறுதிநாள் ஆகியன வினாவும் விடையுமாக அதில் விரிகின்றன. ஜிப்ரீல் வினவிய ஹதீஸின் வடிவமும் வினாவிடையே என்பது கருதத்தக்கது. கோட்பாட்டை உள்ளவாறு எடுத்துரைக்க அவ்வடிவம் மிகப் பொருத்தமானது. ஆனால் நம்பிக்கை ஒரு மனிதனின் வாழ்விலே எவ்வாறு நுழைகிறது, அவனை எவ்வாறு மாற்றுகிறது என்பதை வினாவிடை காட்டவியலாது. அதற்குக் கதை வேண்டும். ஆயிரம் மசலாவுக்கு ஒரு நூற்றாண்டின் பின் வந்த சீறாப்புராணத்தின் தேவை இங்கேதான் இருந்தது.

இந்நூல் தோன்றிய வரலாற்றிலேயே இவ்விடர்ப்பாட்டின் சாயல் காணப்படுகிறது. எட்டயபுரத்துக் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்றவர் உமறு. சீதக்காதி என வழங்கப்பெற்ற செய்கு அப்துல் காதிர் மரைக்காயரின் தூண்டுதலால் அவர் இந்நூலைப் பாடத் தொடங்கினார். நபியவர்களின் வரலாற்றை அறபு மூலங்களிலிருந்து எடுத்துரைக்குமாறு மார்க்க அறிஞரான சதக்கத்துல்லா அப்பாவை வேண்டியபோது, அவர் முதலில் மறுத்துப் பின்னரே இசைந்தார் என்பது செவிவழிச் செய்தி. அச்செய்தி நிகழ்ந்தவாறே வழங்குகிறதோ அன்றோ, ஆலிமுக்கும் புலவருக்கும் இடையில் ஒரு தயக்கம் இருந்தமையைச் சமூகம் நினைவில் வைத்துள்ளது என்பதற்கு அது சான்றாகும்.

கடவுள் வாழ்த்துப் படலத்தில் இத்தயக்கம் வெளிப்படையாகத் தெரிவதில்லை. முதற் செய்யுளில் இறைவன் பொருள்களுக்கெல்லாம் உட்பொருளாயும் அணுவினும் நுண்ணியனாயும் பேசப்படுகிறான். சைவத் திருமுறைகளிலும் திவ்வியப் பிரபந்தத்திலும் பயின்ற வாசகனுக்கு இம்மொழி அந்நியமாகத் தோன்றாது. சூபி ஞானிகளின் பேச்சையும் இது நினைவூட்டும். படைத்தவனையும் படைப்பையும் தெளிவாக வேறுபிரிக்கும் தௌஹீத்துக்கு இச்சொல்லாட்சி முற்றிலும் இயையுமா என ஒருவர் வினவலாம். அவ்வினா நியாயமானதே. ஆயின் அதற்குரிய விடை முதற் செய்யுளில் இல்லை. நூல் முழுவதும் பரந்து கிடக்கிறது. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள்களில் ஓரிடத்திலேனும் இறைவன் உருக்கொண்டு கதைக்குள் வரும் பாத்திரமாவதில்லை. அவனுடைய கட்டளை ஜிப்ரீல் வாயிலாக வருகிறது. மனிதரின் வேண்டுதல் இறைஞ்சுதலாகச் செல்கிறது. இவ்விரு வழிகளன்றி விண்ணுக்கும் மண்ணுக்கும் இடையே வேறு போக்குவரத்தில்லை. வருணனையிற் சைவ வைணவ மொழியை ஏற்ற புலவர், கதையமைப்பில் அவதாரத்தை அறவே விலக்கியுள்ளார். தௌஹீத் இக்காப்பியத்தில் ஒரு கருத்தாக உரைக்கப்படுவதைக் காட்டிலும், நிகழக்கூடாத ஒன்று நிகழாமையாலேயே வலுவாக உணர்த்தப்படுகிறது.

கதையை இயக்கும் காரணத்தின் விடயத்திலும் இத்தகைய மாற்றத்தைக் காணலாம். தமிழ்க் காப்பியங்களிற் பெரும்பாலானவை முற்பிறப்பு, ஊழ்வினை, சாபம் ஆகியவற்றால் இயங்குவன. கோவலன் கொலையுண்டமைக்குச் சிலப்பதிகாரம் முற்பிறப்பிற் காரணம் காட்டுகிறது. மணிமேகலை தன் பழம்பிறப்பை உணர்வது அக்காப்பியத்தின் திருப்புமுனையாகும். ஒரே பிறப்பு, ஒரே இறப்பு, அதன்பின் இறுதிநாள் விசாரணை என்னும் நம்பிக்கையில் இவற்றுக்கு இடமில்லை. கத்ர் என்பது ஊழ் அன்று. ஊழ் வினையின் பயனாய்த் தானே வந்தூட்டுவது. கத்ர் அறிவும் நாட்டமுமுடைய ஒருவன் அளந்து வைத்த அளவு. ஆகவே உமறுப் புலவர், தலைவரின் பெருமைக்கு முற்பிறப்புக் காரணம் காட்டும் வழியை இழந்துவிடுகிறார்.

அவ்வெற்றிடத்தை நிரப்புவது தலைமுறைப் படலமாகும். ஆதம் நபியிலிருந்து ஒரு பேரொளி தலைமுறை தலைமுறையாக இறங்கி அப்துல்லாவையும் ஆமினாவையும் வந்தடைவதை அப்படலம் விரிக்கிறது. ஏனைய காப்பியங்களில் ஒரே உயிர் பல பிறவிகளைக் கடந்து வருகிறது. இங்கோ ஓர் ஒளி பல மனிதர்களைக் கடந்து வருகிறது. முன்னையதில் தொடர்ச்சியை உண்டாக்குவது வினை, பின்னையதில் வமிசம். நபிமார் அனைவரையும் நம்புதல் ஈமானின் ஒரு பகுதி என்பதையும் இவ்வொளியின் பயணம் கதையாக்கிவிடுகிறது. ஆதம், நூஹ், இப்ராஹீம் ஆகியோர் வெறும் பெயர்களாக நில்லாது ஒரே தூதுப் பணியின் கண்ணிகளாகின்றனர். நூறு முகம்மது எனப்படும் இவ்வொளிக் கோட்பாடு சூபி மரபிற் பெரிதும் போற்றப்பட்டதாயினும், சீர்திருத்தச் சிந்தனையாளர் இதனை ஏற்பதில்லை. தூதரைப் படைப்பின் முதற்பொருளாக்குதல் கலிமாவின் இரண்டாங்கூறு இட்ட எல்லையைத் தளர்த்திவிடும் என்பது அவர்தம் வாதம். காப்பியத்தில் இவ்வபாயம் இல்லையெனல் இயலாது. எனினும் அவ்வொளி எங்கும் இறைவனாக வணங்கப்படவில்லை என்பதும், படைக்கப்பட்ட ஒன்றாகவே அது பேசப்படுகிறது என்பதும் மனங்கொள்ளத்தக்கன.

அற்புதப் படலங்களே இந்நூலின் மீது மிகுதியான கண்டனத்தை வருவித்தவை. உடும்பு பேசுகிறது, புலி வசனிக்கிறது, பாலையிற் புனல் தோன்றுகிறது. இவற்றையெல்லாம் ஒரே தன்மையனவாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஹபீபு மன்னனின் கதையை எடுத்துக்கொள்ளலாம். அவனுடைய மகள் உறுப்பமைதியின்றி வெறும் தசைக்கட்டியாகப் பிறந்தவள். அவளுக்குப் பெண்ணுரு அமையும் நிகழ்ச்சி தனிப்படலமாகப் பாடப்படுகிறது. உருவமைத்தல் படைத்தவனுக்கே உரிய செயல். அதனைத் தலைவரின் ஆற்றலாகக் காட்டியிருப்பின் ஈமானின் முதற்கூறே குலைந்திருக்கும். புலவர் நபியவர்களை அங்கே இறைஞ்சுபவராகவே நிறுத்துகிறார். கேட்பவர் ஒருவர், கொடுப்பவன் வேறொருவன் என்னும் வேறுபாடு கதையின் நெருக்கடியான இடத்திற் பேணப்படுகிறது. வாசகனின் வியப்பு தலைவரிடத்திலே தங்கிவிடாது அவரைக் கடந்து செல்கிறது.

மானுக்குப் பிணைநின்ற படலம் இதனினும் நுட்பமானது. வேடனிடம் அகப்பட்ட பெண்மான், பசித்திருக்கும் தன் கன்றுக்குப் பாலூட்டி வர விடை கேட்கிறது. நபியவர்கள் அதற்குப் பிணையாகின்றார்கள். மான் சென்று, கலையும் சுற்றமும் தடுத்தும் கேளாமல், கன்றுடன் மீள்கிறது. அது கண்ட வேடன் ஈமான் கொள்கிறான். "பிணை" என்னும் சொல் ஈடு என்றும் பெண்மான் என்றும் பொருள்படுவது தமிழ் தந்த வாய்ப்பு. இப்படலத்தின் கருணைச் சுவையைப் பாராட்டாத விமரிசகர் இலர். ஆனால் இதன் அமைப்பிலே இறுதிநாள் பற்றிய நம்பிக்கையின் சாயல் படிந்திருப்பது போதிய கவனம் பெறவில்லை. மறுமையில் நபியவர்கள் தம் கூட்டத்தாருக்காகப் பரிந்து பேசுவார்கள் என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை. அப்பரிந்துரையும் இறைவனின் அனுமதியின்றி நிகழாது என்பது குர்ஆனின் போதனை. பிணை நிற்பவர் ஒருவர் உளர் என்பதனால் மானின் பொறுப்பு நீங்கிவிடவில்லை. அது தானே திரும்பி வரவேண்டியிருந்தது. பரிந்துரைப்பவர் ஒருவர் இருந்தும் ஒவ்வோர் ஆன்மாவும் தன் கணக்கைத் தானே கொடுக்கவேண்டும் என்னும் கோட்பாடு, ஒரு சிறிய விலங்கின் நடையிலே இங்கு புலப்படுகிறது. போதனைச் செய்யுள்கள் பல சேர்ந்தும் எய்தாத தெளிவு இது.

இத்தகைய வெற்றி எல்லா அற்புதப் படலங்களுக்கும் உரியதன்று. குர்ஆனின் 17ஆம் அத்தியாயத்தில், ஊற்றுப் பெருகச் செய்க, வானத்தைத் துண்டங்களாக வீழ்த்துக எனக் குறைஷியர் சான்றுகள் கேட்கின்றனர். தாம் மனிதரான ஒரு தூதரேயன்றி வேறல்லர் என விடையிறுக்குமாறு நபியவர்கள் பணிக்கப்படுகின்றார்கள். சான்று கேட்போருக்குச் சான்று காட்டாமையே அங்கு ஒரு சான்றாகிறது. சீறாப்புராணத்திலோ மதியை வரவழைக்குமாறு ஹபீபு மன்னன் கேட்க, மதி வருகிறது. கேட்டதெல்லாம் நிகழும் கதையுலகில் நம்பிக்கை எளிதாகிவிடுகிறது. கண்முன் நிகழ்ந்ததை ஏற்பதற்கு ஈமான் வேண்டுவதில்லை. கண் இருந்தாற் போதும். மறைவானவற்றை நம்புதலே ஈமானின் சாரமென்பதை நோக்குகையில், அற்புதங்களின் மிகுதி நம்பிக்கையின் கடுமையை மழுங்கச் செய்துள்ளது என்றே கூறவேண்டும். இது புலவரின் மார்க்கப் பற்றின்மையால் வந்த குறையன்று. வியப்பை அடுக்கிச் செல்லும் காப்பிய வடிவத்திடம் அவர் இணங்கிப்போன இடம் இது.

மணவூர்வல வருணனைகளிலும் இவ்விணக்கத்தைக் காணலாம். வீதியில் வரும் தலைவனைக் கண்டு மகளிர் மயங்கும் உலாத்துறை தமிழுக்குப் பழையது. அத்துறையின் சாயலைத் திருமணப் படலங்களில் ஏற்றமை கதைத் தலைவர்களின் மாண்புக்கு எதனையும் கூட்டவில்லை. அறபு நாட்டில் மருதவளம் பாடியமையைவிட இதுவே கண்டிக்கத்தக்கது. நாட்டு வருணனை மரபு வழிப்பட்ட அலங்காரம். நம்பிக்கையை அது தொடுவதில்லை. விமரிசகர் பலர் வயல்களைப் பற்றியே வாதிட்டு, வினாவுக்குரிய இடத்தைக் கடந்து சென்றுவிட்டனர்.

சொல்லாட்சியிலும் புலவரின் தெரிவு ஆராயத்தக்கது. இறைவன், மறை, வேதம், தொழுகை ஆகிய தமிழ் வழக்குகளை அவர் தயக்கமின்றி ஆள்கிறார். மலக்குகளை அமரர், வானவர் என்றும் அழைக்கிறார். அதேவேளை ஈமான், கலிமா, தீன், நபி, றசூல் ஆகியவற்றை அறபுச் சொற்களாகவே நிறுத்துகிறார். பொதுச்சமயக் கருத்துகளுக்குத் தமிழும், இஸ்லாத்துக்கே உரியவற்றுக்கு அறபும் என்னும் பாகுபாடு பெரும்பாலும் பின்பற்றப்படுகிறது. அமரர் என்னும் சொல்லில் மட்டும் இப்பாகுபாடு நெகிழ்கிறது. தேவர்கள் வணங்கப்படுபவர், மலக்குகளோ ஏவல் செய்பவர். எனினும் சீறாவின் வானவர் வரம் கொடுப்பவராக இல்லாது செய்தி கொணர்பவராகவே இயங்குவதால், சொல்லின் பழைய பொருள் கதையினாலே திருத்தப்பட்டுவிடுகிறது.

ஈமான் இக்காப்பியத்தின் அமைப்பையே மாற்றியுள்ளது என்பதற்குத் தலைசிறந்த சான்று பகைவர் பற்றிய பகுதிகளாகும். வீரகாவியத்திற் பகைவனின் முடிவு அவனுடைய அழிவு. சீறாவிலும் பதுறு, உகுது முதலிய போர்ப் படலங்கள் உண்டு. ஆயினும் பகைவன் தோற்குமிடங்களிலும் பார்க்க அவன் மாறுமிடங்களே நூலில் ஆழம் பெறுகின்றன. ஈமான் கொண்ட வரலாறுகள் தனிப் படலங்களாகின்றன. கொல்லும் நோக்குடன் வாளேந்திப் புறப்பட்ட உமறு கத்தாப், வேத வசனத்தின் முன் உள்ளம் கரைந்து ஈமான் கொள்கிறார். அங்கே பகைவனும் அழியவில்லை; அவனுடைய வீரமும் அழியவில்லை. அவ்வீரம் திசைமாறுகிறது. கலிமாவைச் சொல்லும் கணமே அப்படலங்களின் உச்சநிலை. ஒரு வாக்கியத்தை உள்ளத்தால் ஏற்பதும் நாவினால் உரைப்பதும் கதையின் முடிவாக அமைதல் தமிழ்க் காப்பிய மரபுக்கு இந்நூல் அளித்த புதுமையாகும். குலம், குடி, செல்வம் எதுவாயினும் அவ்வாக்கியத்தின் முன் மன்னன் ஹபீபும் பெயரற்ற வேடனும் ஒருநிலையினர். காப்பிய உலகின் படிநிலை அங்கே தளர்ந்துபோகிறது.

நபியவர்களின் வாழ்வு முழுவதையும் இந்நூல் பாடி முடிக்கவில்லை. ஹிஜ்றத்துக் காண்டம் உறனிக் கூட்டத்தார் செய்தியோடு நின்றுவிடுகிறது. எஞ்சிய வரலாற்றைப் பனீ அஹ்மது மரைக்காயரின் சின்னச் சீறா பாடிற்று. இக்குறை நூலின் அளவைப் பற்றியது மட்டுமன்று. கி.பி. 632இல் நபியவர்கள் மறைந்தபோது, அதனை ஏற்கவியலாது தடுமாறிய மக்கள்முன் அபூபக்கர் உரைத்தது இஸ்லாமிய வரலாற்றில் என்றும் நினைக்கப்படுவது. முஹம்மதை வணங்கியோர் உளராயின் அவர் மரணித்துவிட்டார் என்பதை அறியட்டும் என்றும், இறைவனை வணங்குவோருக்கு அவன் என்றும் உயிரோடிருப்பவன் என்றும் அவர் எடுத்துரைத்தார். தன்னேரில்லாத் தலைவரும் மரணத்துக்கு உட்பட்டவர் என்பதைத் தமிழ்க் காப்பிய மரபு எவ்வாறு தாங்கியிருக்கும் என்பதற்கு உமறுப் புலவரிடம் விடை பெறும் வாய்ப்பு இல்லாமற் போயிற்று.

இதுகாறும் கூறியவற்றால், சீறாப்புராணத்தில் வடிவம் ஆடையாகவும் நம்பிக்கை உடலாகவும் பிரிந்து நிற்கவில்லை என்பது போதரும். சில இடங்களில் மரபு நம்பிக்கையை வென்றுள்ளது. வேறு பல இடங்களில் நம்பிக்கை மரபைத் திருத்தியுள்ளது. இவ்விரு வகை இடங்களையும் பிரித்தறிதலே விமரிசகனின் கடமையாகும். நூலைத் தமிழ்மைக்காக மட்டும் போற்றுவோர் உமறுப் புலவரின் ஈமானைக் கணக்கில் எடுக்காதுவிடுகின்றனர். அதனைக் கட்டுக்கதையென ஒதுக்குவோர், தமிழ் பேசும் முஸ்லிம்கள் தம் நம்பிக்கையைத் தம் மொழியிலே சிந்திக்க மேற்கொண்ட மாபெரும் முயற்சியை இழந்துவிடுகின்றனர். இரண்டாவது இழப்பே பெரிது. ஒரு சமூகத்தின் நம்பிக்கை அதன் தாய்மொழியிற் கதையாக வாழாதவிடத்து அது மனனம் செய்யப்பட்ட பட்டியலாகவே எஞ்சும். வேடன்முன் மீண்டு வந்து நின்ற மான், அப்பட்டியலில் உள்ள ஒரு சொல்லுக்கு உயிர் தந்தது. அவ்வுயிரை அடையாளங் காணும் வாசிப்பே சீறாப்புராணத்துக்கு இன்று வேண்டப்படுவதாகும்.